உரிமையாளர் என்ற கட்டத்தில் யார் பெயரை எழுதுவது?

(ஹட்டன் நகரில் தோட்டக் கமிட்டித் தலைவர்களும் இளைஞர்களும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் மேடைக்கு ஏற்றதன்று என்று நண்பர்கள் சிலர் கூறினர். சம்பளத்தைப் பற்றிப் பேசுங்கள், கூட்டம் கைதட்டும். தேர்தலைப் பற்றிப் பேசுங்கள், ஆரவாரம் செய்யும். ஒரு விண்ணப்பப் படிவத்தைப் பற்றிப் பேசப் போனால் பாதிக் கூட்டம் தேநீர்க் கடைக்குப் போய்விடும் என்றனர். போகிறவர்கள் போய்த் திரும்பி வரட்டும். உலகத்துக்கே தேயிலை கொடுத்தவர்களுக்கு ஒரு கோப்பைத் தேநீர் குடிக்க உரிமையில்லையா! ஆனால் அந்தப் படிவத்தைப் பற்றி நாம் பேசியே தீரவேண்டும். இருநூறு ஆண்டுக் கதை அதிலே இருக்கிறது.

கட்டட அனுமதிக்கான விண்ணப்பம் என்பது அதன் பெயர். பிரதேச சபை அலுவலகத்திலே கிடைக்கும். விண்ணப்பகாரர் பெயர் என்ன? முகவரி என்ன? எத்தனை சதுர அடி? கூரைக்கு ஓடா, தகரமா? இவற்றுக்கெல்லாம் நம் பிள்ளைகள் மளமளவென்று விடை எழுதிவிடுகிறார்கள். பிறகு வருகிறது ஒரு கட்டம்: காணியின் உரிமையாளர் யார்? உறுதி இலக்கம் என்ன? நில அளவை வரைபடத்தின் இலக்கம் என்ன? அங்கே பேனா நின்றுவிடுகிறது. பாட்டன் பிறந்த இடம் அது. பாட்டி செத்த இடம் அது. தகப்பன் தேயிலை நட்ட மலை அது. தாய் கொழுந்தெடுத்த மலை அது. ஆயினும் அந்தக் கட்டத்தில் எழுத ஒரு பெயர் கிடையாது.

கொழும்பிலே வீடு கட்டுகிறவனும் அலைகிறான் என்பதை மறுக்கவில்லை. உறுதி, நில அளவை வரைபடம், வீதிக் கோட்டுச் சான்றிதழ், மதிப்பீட்டு வரி கட்டிய பற்றுச்சீட்டு, கட்டடக் கலைஞர் கையொப்பமிட்ட வரைபடம் என்று ஒரு கட்டுக் காகிதத்தைச் சுமந்துகொண்டு மாநகர சபையின் படியேறி இறங்குகிறான். கட்டி முடித்த பின்னரும் இணக்கச் சான்றிதழ் வாங்கவேண்டும். அது இல்லாமல் குடிபோகக் கூடாது என்பது சட்டம். அவன் சலித்துக்கொள்கிறான், அதிகாரிகளைத் திட்டுகிறான், பத்திரிகைக்குக் கடிதம் எழுதுகிறான். எழுதட்டும். அவனுக்குத் தாமதம் என்ற துன்பம் உண்டு. நமக்கோ அந்தத் தாமதத்தை அடைவதற்கே தகுதியில்லை!

இந்தச் சட்டம் எப்போது பிறந்தது தெரியுமா? 1914ஆம் ஆண்டிலே கொழும்புத் துறைமுகத்தின் வழியாகக் கொள்ளைநோய் வந்தது. எலி பரப்பும் பிளேக் நோய். மறு ஆண்டே, 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வந்தது. உள்ளூராட்சித் தலைவரின் எழுத்து அனுமதி பெற்ற வரைபடத்துக்கு மாறாக எவரும் கட்டடம் எழுப்பக் கூடாது என்று அது கூறிற்று. வெளிச்சமும் காற்றும் மனிதனுக்கு வேண்டும் என்பதற்காக, கட்டடத்தின் பின்புறத்தில் எவ்வளவு வெற்றிடம் விடவேண்டும் என்று கணக்கும் போட்டது. அறுபத்து மூன்றரைப் பாகை என்று ஒரு கோணம் குறித்து, அந்தக் கோணத்தை மீறிச் சுவர் உயரக் கூடாது என்றது. நல்ல சட்டம். நாம் அதைக் குறைகூற வரவில்லை. மனிதன் மூச்சுவிட வேண்டும் என்று கருதி எழுதிய சட்டத்தை யார் குறைகூறுவார்?

ஆனால் அதே காலத்திலே, இதே மலைகளிலே கட்டப்பட்ட லயங்களைப் பாருங்கள். ஒற்றை லயம் ஒரு வகை. இரட்டை லயம் ஒரு வகை. இரட்டை லயம் என்றால் முதுகோடு முதுகு ஒட்டிய காம்பிராக்கள். இந்தப் பக்கம் ஒரு வரிசை, அந்தப் பக்கம் ஒரு வரிசை, நடுவே ஒரே சுவர். பின்கதவு கிடையாது, பின்சன்னல் கிடையாது. பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பிரா, முன்னால் ஒரு இஸ்தோப்பு, அவ்வளவுதான். கொழும்பிலே பின்முற்றத்தின் கோணத்தை அளந்த அரசாங்கம், ஹட்டனிலே பின்முற்றமே இல்லாத வீட்டைக் கண்டும் காணாததுபோல் இருந்தது. அந்த லயங்களைக் கட்ட எந்தச் சபையின் அனுமதியை எந்தத் துரை வாங்கினார்? அன்று கேட்காத சட்டம், இன்று அந்த லயத்தின் ஓரத்திலே நம் பிள்ளை ஒரு குசினி இறக்கினால் மட்டும் கண் விழித்துக்கொள்கிறது!

தாய்மார்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. மூத்த மகன் கலியாணம் முடித்தால் காம்பிராவின் நடுவே சேலையைக் கட்டித் திரை போடுகிறோம். இரண்டாவது மகனும் முடித்தால் இஸ்தோப்பை அடைக்கிறோம். பிறகு பின்பக்கத்து மண்ணை வெட்டி, நாலு கம்பு நட்டு, தகரம் போட்டு அடுப்பை அங்கே மாற்றுகிறோம். மறுநாள் தோட்டத்து ஆபீசிலிருந்து கடிதம் வருகிறது: அனுமதியற்ற கட்டடம், ஏழு நாளிலே அகற்றுக! அகற்றாவிட்டால் பொலிஸ் நிலையம். அதற்கும் மிஞ்சினால் நீதிமன்றம்.

நீதிமன்றம் என்றதும் அஞ்சவேண்டாம். அங்கே நமக்கும் ஒரு வரலாறு உண்டு. அக்காலத்தில் தோட்டத்திலிருந்து வெளியேறு என்று அறிவித்தல் கொடுப்பார்கள். வெளியேறாவிட்டால் தண்டனைக் கோவையின்கீழ்க் குற்றவியல் அத்துமீறல் என்று வழக்கு. வேலை போன தொழிலாளி தன் காம்பிராவிலேயே தங்கியிருப்பது, துரைக்குத் தொந்தரவு கொடுக்கும் எண்ணத்தோடு செய்த குற்றமாம்! இந்த வாதம் 1950ஆம் ஆண்டிலே, ‘அரசர் எதிர் செல்வநாயகம்’ என்ற வழக்கிலே, இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. தனக்கு உரிமை உண்டு என்று உண்மையாக நம்பிக் குடியிருப்பவனின் நோக்கம் குடியிருப்பதே. அதனால் மற்றொருவருக்குத் தொந்தரவு ஏற்படும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது என்பதற்காக மட்டும் அவன் குற்றவாளியாகிவிட மாட்டான் என்ற கொள்கை அங்கே நிலைநாட்டப்பட்டது. சட்டக் கல்லூரியில் இன்றும் படிப்பிக்கப்படும் வழக்கு அது. ஒரு தோட்டத் தொழிலாளியின் பெயரைத் தாங்கி, இந்த நாட்டுச் சட்டப் புத்தகத்தில் அது நிற்கிறது என்பதை நம் இளைஞர்கள் பெருமையோடு தெரிந்துகொள்ள வேண்டும்.

எனினும் அந்தத் தீர்ப்பு நமக்குக் கொடுத்தது எவ்வளவு என்பதையும் அளந்து பார்க்க வேண்டும். சிறைக்குப் போகாமல் காத்தது. ஒரு செங்கல்லை எடுத்து வைக்கும் உரிமையை அது கொடுக்கவில்லை. பின்னர் 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அரச காணியின் உடைமையை மீட்கும் சட்டம். அதன்கீழ் ஒருவர் நீதவான் முன் நிறுத்தப்பட்டால், நான் எத்தனை தலைமுறையாக இருக்கிறேன், என் தகப்பன் யார், பாட்டன் யார் என்றெல்லாம் பேச இடமில்லை. அரசாங்கம் கொடுத்த வலிதான அனுமதிப் பத்திரமோ வேறு எழுத்து அதிகாரமோ உன் கையில் உண்டா என்ற ஒரே கேள்விதான். உண்டு என்றால் காட்டு; இல்லை என்றால் புறப்படு. 1950இல் நீதிபதிகள் மனிதனின் எண்ணத்தைப் பார்த்தார்கள். 1979இல் சட்டம் அவன் கையிலுள்ள காகிதத்தைப் பார்க்கச் சொல்லிற்று. ஆகவேதான் இன்று காகிதத்தைப் பற்றிப் பேசுகிறோம்.

காகிதம் ஏன் நம்மிடம் இல்லாமற் போயிற்று? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவரானோம். மறு ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1947 தேர்தலிலே ஏழு பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், அடுத்த தேர்தலிலே வாக்குச் சாவடியின் வாசலில் நிற்கவும் உரிமையற்றுப் போயினர். 1964 ஒக்டோபரில் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியாரும் ஒப்பமிட்டு, 9,75,000 மனிதர்களை மூட்டை பிரிப்பது போலப் பிரித்தார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் பிறகு பார்க்கலாம். அந்த மிச்சத்தையும் 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்தபிறகுதான் நாடற்றவர் என்ற சொல்லுக்கு முடிவு வந்தது. குடிமகன் அல்லாதவனுக்கு யார் காணி உறுதி எழுதுவார்? மற்றவர்கள் உறுதி எழுதிக்கொண்ட காலமெல்லாம் நாம் பிரஜாவுரிமைப் பத்திரத்துக்காக வரிசையில் நின்றோம்.

அந்தக் காலத்துக்குள்ளேதான் காணிச் சீர்திருத்தமும் வந்து போயிற்று. 1972இல் தனியார் காணிக்கு உச்சவரம்பு. 1975இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமை. வெள்ளைத் துரை போனார், அரசாங்கத்துத் துரை வந்தார். 1992இல் நிருவாகம் கம்பெனிகளுக்குத் திரும்பவும் போயிற்று. பின்னர் 2045ஆம் ஆண்டு வரை நீளும் குத்தகையும் எழுதப்பட்டது. காணிக்குச் சொந்தக்காரர் அரசாங்கம், குத்தகைக்காரர் கம்பெனி, குடியிருப்பவர் நாம். மூன்று பேரில் முதல் இருவரின் கையொப்பந்தான் அந்தப் பத்திரத்தில் உண்டு. நம்முடைய லயமும், பீலியும், கோயிலும், சுடுகாடும் அதன் எல்லைக்குள் அடங்கிவிட்டன. நம்மை ஒரு சொல் கேட்டவர் இல்லை.

உள்ளூராட்சியின் கதை இதனினும் விசித்திரமானது. 1937இலேயே கிராமச் சங்கத் தேர்தலில் தோட்டத் தொழிலாளருக்கு வாக்கு வேண்டாம் என்று தடுத்தார்கள். அரை நூற்றாண்டு கழித்து, 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் வந்தது. அதற்குள் நமக்கு வாக்கு ஓரளவு வந்திருந்தது. வாக்களித்தோம், நம்மவரே உறுப்பினராயினர், சிலர் தவிசாளரும் ஆயினர். ஆனால் அதே சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் சபையின் பணத்தைச் செலவிட முடியாது என்று கைவிரித்தார்கள். தோட்டத்து மக்களின் வாக்கிலே தவிசாளரானவர், தோட்டத்துப் பாதைக்கு ஒரு வண்டிக் கல் கொட்டச் சட்டம் இடங்கொடுக்கவில்லை! இப்படி ஒரு சபையை உலகத்தில் வேறெங்கே கண்டிருக்கிறீர்கள்? 2018இலேதான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. அதே ஆண்டு நடந்த உள்ளூராட்சித் தேர்தலிலே அம்பகமுவையும் நுவரெலியாவும் பிரிக்கப்பட்டு, மஸ்கெலியா, நோர்வூட், கொட்டகலை, அக்கரப்பத்தனை ஆகிய சபைகள் பிறந்தன. அதே ஆண்டிலேயே பெருந்தோட்டப் பிரதேசத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபைக்கும் சட்டம் ஆயிற்று. இவற்றையெல்லாம் பெற்றுத் தந்தவர் யார் என்று தொழிற்சங்கங்கள் தங்களுக்குள் வழக்காடிக்கொள்ளட்டும்; அந்த வழக்கில் நாம் ஆஜராகப் போவதில்லை. கதவு திறந்தது; உள்ளே போனவர் எத்தனை பேர் என்பதே நம் கேள்வி.

உள்ளே போகப் பார்த்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறோம். ஊரும் பேரும் வேண்டாம். தாயும் தகப்பனும் தோட்டத்திலே பேர் பதிந்தவர்கள். இவர் கொழும்பிலே ஒரு கடையிலே பன்னிரண்டு ஆண்டு வேலைபார்த்துக் காசு சேர்த்தவர். லயத்துக்கு அருகே, அப்பன் காய்கறி போட்டிருந்த துண்டிலே இரண்டு அறை கட்ட நினைத்தார். மற்றவர்களைப் போல இரவோடிரவாகக் கட்டியிருக்கலாம். ‘சட்டப்படி கட்டவேண்டும் ஐயா, நாளைக்கு யாரும் வந்து இடி என்று சொல்லக்கூடாது’ என்று சொல்லி, படிவத்தோடு நம்மிடம் வந்தார். அந்த ஆசையைக் கவனியுங்கள் தோழர்களே! சட்டத்துக்கு அடங்கி நடக்க அனுமதி கேட்கிறார் ஒரு மனிதர்.

சபையிலே கொடுத்தார். உரிமையாளரின் சம்மதக் கடிதம் வேண்டும் என்று திருப்பினார்கள். தோட்டத்து ஆபீசுக்குப் போனார். எங்களுக்கு அதிகாரம் இல்லை, கம்பெனியைக் கேள் என்றார்கள். கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். நாங்கள் குத்தகைக்காரர்தான், காணி அரசாங்கத்துடையது என்று பதில் வந்தது. அரசாங்கத்துக் கந்தோருக்குப் போனார். காணி குத்தகையில் இருக்கிறது, குத்தகைக்காரரின் ஆட்சேபமின்மைக் கடிதம் கொண்டுவா என்றார்கள். திரும்பவும் தோட்டத்து ஆபீஸ். செக்குமாடு கூடச் சுற்றி முடித்தால் எண்ணெய் கிடைக்கும். இவருக்கு அதுவும் கிடைக்கவில்லை. இரண்டு ஆண்டு கழிந்தது. சேர்த்த பணத்திலே பாதி பஸ்ஸுக்கும் போட்டோப் பிரதிக்கும் தங்கை கலியாணத்துக்கும் போயிற்று. வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு அலைச்சலிலும் ‘உமக்கு அனுமதி இல்லை’ என்று ஒருவரும் எழுதிக் கொடுக்கவில்லை. எழுதியிருந்தால் அதை எடுத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போயிருப்போம். எழுதாமல் இருப்பதிலே அவர்கள் கெட்டிக்காரர்கள்.

இதைக் கேட்டவுடன் சிலர் சொல்வார்கள்: இந்த அனுமதிச் சட்டமே வேண்டாம், தோட்டத்து மக்களுக்கு விலக்குக் கொடுங்கள், அவரவர் இஷ்டப்படி கட்டட்டும் என்று. கைதட்டு வாங்கும் பேச்சு. நாம் அதை ஏற்கவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலையை மறந்துவிட்டீர்களா? கொஸ்லாந்தை மீரியபெத்தையிலே மலை சரிந்து லயங்களை மூடிற்று. பள்ளிக்குப் போன பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, வீட்டார் சிலரும் இல்லை. அந்த மலை ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்னரே எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது; போய்க் குடியேற வேறு நிலம் இல்லை. 2025 நவம்பரிலே டிட்வா புயலோடு வந்த மழையிலும் மலைநாட்டின் பல இடங்களில் மண் இறங்கிற்று. ஆகையால் மண்ணைப் பரிசோதிக்கும் அதிகாரி வரவேண்டும். இந்தச் சரிவிலே கட்டாதே என்று சொல்ல அவருக்கு அதிகாரம் வேண்டும். நாம் அதற்குக் கட்டுப்பட வேண்டும். ஆனால் இங்கே கட்டாதே என்று சொல்லும் அரசாங்கம், எங்கே கட்டலாம் என்று காட்டவும் கடமைப்பட்டது. கொழும்பு வீட்டுக்காரனுக்கு அனுமதிச் சட்டம் செய்யும் காவலை நமக்கும் செய்யட்டும் என்பதே நம் வழக்கு. விலக்குக் கேட்கிறவன் சட்டத்துக்கு வெளியே நிற்கச் சம்மதிக்கிறான். நாம் போதுமான காலம் வெளியே நின்றுவிட்டோம்.

இனி, வீடுதான் கொடுக்கிறார்களே என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2015க்குப் பிறகு தனிவீடுகள் கட்டப்பட்டது உண்மை, வரவேற்கிறோம். இந்திய அரசின் உதவியோடு 4,000 வீடுகள் என்றார்கள். 2017 மே மாதம் பிரதமர் மோடி நோர்வூட் மைதானத்துக்கு வந்தபோது இன்னும் 10,000 என்று அறிவித்தார். 7 பேர்ச் காணி, 550 சதுர அடி வீடு. 7 பேர்ச் என்றால் ஏறத்தாழ 1,900 சதுர அடி. அந்த நிலத்துக்கு அளவை வரைபடம் இருந்து, பதிவு செய்த உறுதியும் குடும்பத்தின் பெயரில் இருந்தால், மகன் தலையெடுக்கும்போது பக்கத்திலே ஓர் அறை சேர்க்க விண்ணப்பிக்கலாம். வங்கியிலே கடன் கேட்கலாம். உறுதி இல்லாமல் வீட்டின் திறப்பை மட்டும் கொடுத்தால் அது சற்றுப் பெரிய காம்பிரா, வேறொன்றுமில்லை. இதற்கு முன்னே கூட்டுறவுச் சங்கத்தின் வழியாகக் கடன் வாங்கி, மாதா மாதம் செக்ரோலிலே கழிக்கவிட்டு, கடன் தீர்ந்த பின்னும் உறுதி கைக்கு வராத குடும்பங்களை நாம் அறிவோம். வீடு திறக்கும் விழாவுக்கு மாலையோடு போகிற கமிட்டித் தலைவர்கள், மாலை போட்டு முடிந்ததும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: உறுதியின் பதிவிலக்கம் என்ன? நாடா வெட்டிய கத்தரிக்கோல் அமைச்சரின் கையிலே இருக்கும்போதே கேட்பது நல்லது.

உறுதி யார் பெயரில் என்பதும் சிறு விஷயமன்று. குடும்பத் தலைவர் என்றதும் ஆணின் பெயரை எழுதிவிடுகிறார்கள். அட்டைக்கடியிலும் பனியிலும் கூடை சுமந்து பேர் போட்டவள் பெண். அவள் வேலை செய்வதால்தான் அந்தக் குடும்பத்துக்கே அந்தக் காம்பிரா நிலைத்தது. பல தோட்டங்களில் ஆண்பிள்ளைகள் கொழும்புக்குப் போய்விட, பெண்ணின் பேரிலேதான் வீடு நிற்கிறது. அப்படியிருக்க உறுதியில் மட்டும் அவள் காணாமற் போவானேன்? இருவர் பெயரும் இருக்கட்டும். தனித்து வாழும் பெண்ணுக்கு அவள் பெயரிலேயே இருக்கட்டும். கணவன்மார்கள் இதைக் கேட்டு முகஞ்சுளிப்பது மேடையிலிருந்தே தெரிகிறது. வீட்டிலே போய்ப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

கம்பெனிகள் தரப்பிலே சொல்லப்படும் காரணத்தையும் நேர்மையாக எடுத்துப் பார்ப்போம். காணியைப் பிரித்துக் கொடுத்தால் தேயிலை அழியும், உற்பத்தி குறையும், குத்தகை 2045 வரை இருக்கிறதே என்கிறார்கள். குத்தகைக்காரர் உறுதி எழுத முடியாது என்பது சட்டப்படி சரி. எழுதவேண்டியவர் குத்தகைக்கு விட்ட அரசாங்கம். ஆனால் தேயிலை அழியும் என்பது சரியா? லயம் நிற்கும் இடத்திலே தேயிலைச் செடி எங்கே இருக்கிறது? நூறு ஆண்டுக்கு மேலாக அங்கே இருப்பது அடுப்பும் தொட்டிலுந்தான். குடியிருக்கும் நிலத்தைக் குடியிருப்பவனுக்கு எழுதினால் ஒரு கிலோ கொழுந்தும் குறையாது. கைவிடப்பட்டுக் காடாகிக் கிடக்கும் மலைகளை நாம் எல்லோரும் நாள்தோறும் பஸ்ஸிலிருந்து பார்க்கிறோம். அந்தக் காட்டுக்கு இல்லாத ஆட்சேபம் நம் குசினிச் சுவருக்கு ஏன்?

செய்யவேண்டியது என்ன என்பதற்கு வருகிறோம். 1931இல் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்குச் சம்மேளனம் அமைத்த காலத்தில், சங்கத்தான் தோட்டத்துக்குள் கால் வைத்தாலே அத்துமீறல். துணி வியாபாரியைப் போல வேடம் போட்டு அவர் லயத்துக்குள் போனார் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இன்று நமக்கு வேடம் வேண்டியதில்லை. ஒரு பேனாவும் பொறுமையும் போதும்.

முதலாவதாக, எதையும் வாயால் கேட்காதீர்கள். விண்ணப்பத்தை எழுதிக் கொடுங்கள். பிரதியிலே திகதி முத்திரை வாங்குங்கள், அல்லது பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தமிழிலேயே எழுதுங்கள். நுவரெலியா மாவட்டத்துப் பிரதேச செயலகப் பிரிவுகளில் சிங்களத்தோடு தமிழும் நிருவாக மொழி என்று 1999இலேயே பிரகடனம் வந்துவிட்டது. தமிழில் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. தெரிந்த சிங்களத்தில் தட்டுத்தடுமாறிப் பேசி, அதிகாரி சிரிக்க, நாமும் கூடச் சிரித்துவிட்டு வெறுங்கையோடு வரும் வழக்கம் ஒழியட்டும். முகவரியாக உங்கள் பிரிவையும் லய இலக்கத்தையும் காம்பிரா இலக்கத்தையும் முழுதாக எழுதுங்கள். நமக்கு வரும் கடிதம் ஆபீசுக்கே போய்ச் சேர்ந்து, அங்கே எத்தனை நாள் கிடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே நகரத்திலே நம்பிக்கையான ஒருவரின் முகவரியையும் கீழே குறிப்பிடுங்கள்.

இரண்டாவது: இல்லை என்றால், ‘இல்லை’ என்பதை எழுத்திலே வாங்குங்கள். ஏன் இல்லை என்று காரணமும் கேளுங்கள். பதிலே வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. காணியின் உரிமையாளர் யார், அளவை வரைபடம் உண்டா, என் விண்ணப்பம் எந்த மேசையில் கிடக்கிறது என்று கேளுங்கள். பதினான்கு வேலை நாளுக்குள் அதிகாரி தீர்மானிக்க வேண்டும். எழுத்தில் மறுப்புக் கிடைத்தவுடன் அதைப் பெட்டியிலே வைத்துப் பூட்டிவிடாதீர்கள். அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றத்துக்குப் போவதானால் ஒரு மாதத்துக்குள் போகவேண்டும் என்பது அரசியலமைப்பின் விதி. தீபாவளி முடியட்டும், திருவிழா முடியட்டும் என்று வந்து நிற்கிறவர்களுக்கு நாம் எதுவும் செய்ய முடிவதில்லை.

மூன்றாவது கமிட்டிகளுக்கு. ஒருவர் விண்ணப்பித்தால் அது ஒரு காகிதம். ஒரு பிரிவிலுள்ள எல்லாக் குடும்பங்களும் ஒரே நாளிலே விண்ணப்பித்தால் சபை கூடி ஒரு முடிவு எடுத்தே ஆகவேண்டும். சபையிலே நம்மவர் இருக்கின்றனர். எந்தக் கட்சியாய் இருந்தாலும் சரி, அவர்களிடம் போய், குடியிருப்பவரையும் விண்ணப்பகாரராக ஏற்கவும், காணி அளவைக்கு அரசாங்கத்தைக் கேட்கவும் தீர்மானம் கொண்டுவரச் சொல்லுங்கள். கொண்டுவராதவரின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். வாக்குச் சீட்டு நாலாண்டுக்கு ஒருமுறை கைக்கு வருகிறது.

வரும் மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளிலே, காலை பத்து மணி முதல், இதே மண்டபத்தில் நாமும் நம் இளம் சட்டத்தரணிகளும் இருப்போம். விண்ணப்பம் எழுத விரும்புகிறவர்கள் அடையாள அட்டை, தோட்டத்தின் பெயரும் பிரிவும் குறித்த பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் பழைய சம்பளச் சீட்டு, வாக்காளர் இடாப்பின் பிரதி, வீட்டுக் கடன் கட்டியிருந்தால் அதன் பற்றுச்சீட்டு, ஆபீசிலிருந்து வந்த கடிதங்கள் ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். கறையான் தின்றது, மழையில் நனைந்தது என்று எதையும் வீசிவிடாமல் இருப்பதை இருக்கிறபடியே எடுத்து வாருங்கள். பிரதி எடுத்துக்கொண்டு மூலத்தை அப்போதே திருப்பிக் கொடுப்போம். மூலப் பத்திரத்தை எவர் கேட்டாலும், நாமே கேட்டாலும், கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். இதற்குக் கட்டணம் இல்லை. சபையிலே படிவத்துக்குப் பணம் கட்டினால் பற்றுச்சீட்டுக் கேட்டு வாங்கி, அதையும் அந்தக் கட்டிலேயே சேர்த்து வையுங்கள்.